ஈயத்தாள் சுற்றிய பியூஸ்

மகனுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ வானின் பொனற்றைத் திறந்துகொண்டு நிற்பாய். வான் ஸ்டார்ட் ஆகாது. பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து முன்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தள்ள வைக்காதே. பற்றரிக்கு ஒரு குறையும் இல்லை. அதன் கறுப்பு வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தது நான். அந்த வயரை இறுக்கிப் பிடிக்கும் நட்டையும் போல்ற்றையும் எடுத்து வைத்திருப்பதும் நான்தான். கழுவித் துடைத்த வானில் புழுதி படக்கூடாது என்று காலையில் நீயும் மருமகளும் பிள்ளையுமாக மூன்று பேரும் ஓட்டோவில் குறிகட்டுவானுக்குப் போய் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் படகேறினீர்கள். முழங்கால் நோகிறது, நான் வரவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். நோ இருக்கிறதுதான், ஆனால் அம்மனிடம் போக முடியாத அளவுக்கு இல்லை. நீ பக்கத்தில் இல்லாமல் உன் வானோடு தனியே இருக்க எனக்கு அரை நாள் தேவைப்பட்டது.

நேரே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னேன். இந்தக் கிழமையில் மட்டும் இரண்டு தரம் சொன்னேன். முதல் தரம் நீ சிரித்தாய். இரண்டாம் தரம் என் தலையைப் பிடித்து உச்சியில் கொஞ்சிவிட்டு, "அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாய். நான் என்ன, யோசிப்பதற்கு மட்டும் இந்த வீட்டில் வைத்திருக்கிற ஆளா? எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்துவிடும். நான் அழுதால் நீ என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாய், பேச வந்த விஷயம் அந்த இடத்திலேயே செத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இது ஒளித்து வைக்கிற கடிதம் இல்லை. உன் மனைவி தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அவளுக்கு நீயே சத்தமாக வாசித்துக் காட்டு. உன்னுடைய வீடியோக்களைப் போடுகிற அந்த இடத்திலும் இதைப் போடு. அங்கேயும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, பிறகு அதற்கு வருகிறேன்.

கனடாவில் இருந்து வந்து, இந்தத் தீவில், இறுப்பிட்டியில் நான்கு அறையும் குசினியும் கிணறுமாக ஒரு வீடு சும்மா கிடக்க, யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட வானை வாங்கி அதற்குள் இன்னொரு வீடு கட்டுகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் தடுக்கவில்லை. இரண்டு மாதம் வளவுக்குள் நின்று நீ வேலை செய்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டில் அடித்தாய், சின்ன அடுப்பு வைத்தாய், கூரையில் சூரியத் தகடு பூட்டினாய், வீட்டுப் பாவனைக்கென்று தனியாக இரண்டாவது பற்றரி வைத்தாய். எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இரண்டு பேருக்கு வலியக் கூப்பிட்டுக் காட்டியும் இருக்கிறேன். கடைசியில் வந்ததுதான் இந்த யூ.எஸ்.பி. துவாரங்கள். போன் சார்ஜ் பண்ண ஒன்று, கமராவுக்கு ஒன்று, மடிக்கணினிக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என்று எட்டுத் துவாரங்கள். அதில் இரண்டு, பிள்ளை படுக்கிற மேல்கட்டிலின் தலைமாட்டில். ஆரணிக்கு இருட்டுப் பயம், அவளுடைய முயல் விளக்கு அங்கே எரிய வேண்டும், அவளுடைய ரப்லெற் அங்கே சார்ஜ் ஆக வேண்டும் என்றாய். பிள்ளைக்காக யோசித்துச் செய்தாய். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த எட்டுக்கும் அந்த இரண்டாவது பற்றரியில் இருந்து புதிதாகத் தடித்த வயர் இழுக்க உனக்குப் பொறுமை இல்லை. பலகை அடித்து முடித்தாயிற்று, இனிக் கழற்ற ஏலாது என்றாய். வாசிக்கிற லைற்றுக்கென்று முன்னமே இழுத்திருந்த நூல் மாதிரி வயரை இடையில் வெட்டி, எட்டையும் அதிலேயே கொழுவினாய். இரண்டு சாமான் சார்ஜில் போட்டால் ஒன்றும் இல்லை. ஐந்து ஆறு என்று போட்டால் பியூஸ் எரிந்தது. மாற்றினாய், எரிந்தது. திரும்ப மாற்றினாய், திரும்ப எரிந்தது. அந்த நேரம் வேலணையில் வாகன வயரிங் செய்கிறவர் வேறு அலுவலாக வந்து நம்முடைய கேற்றடியில் நின்றவர், எட்டிப் பார்த்துவிட்டு உன்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார். "தம்பி, பியூஸ் எரியிறது பிழையில்லை. வயர் எரியக்கூடாதெண்டு அது தான் எரியுது. அரை நாள் வேலை, தடிச்ச வயர் ஒண்டு இழுத்து, பற்றரிக்குப் பக்கத்திலை ஒரு பியூஸ், அங்காலை ரெண்டு துவாரத்துக்கு ஒண்டு வீதம் பியூஸ் போட்டால் சரி." நீ தலையாட்டினாய். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். வானில் இருக்கிற ஒவ்வொரு ஆணியும் உன் கையாலேயே அடித்தது என்று வீடியோவில் சொல்லியிருக்கிறாயாம், இனி வெளியாளை விட்டால் மரியாதை இல்லையாம். பிறகு ஆரணி தின்று போட்ட சொக்கிளேற்றின் ஈயத்தாளைக் கிழித்து, எரிந்த பியூஸின் இரண்டு கால்களிலும் சுற்றி, பெட்டிக்குள் செருகினாய். எட்டுத் துவாரமும் ஒரேயடியாக வேலை செய்தன. அதை வீடியோ எடுத்தாய். "பொருளாதாரத் தடைக் காலத்திலை அப்பா செய்த வித்தை இது" என்று அந்த வீடியோவில் சொன்னாய். உன் அப்பா இறந்து மூன்று வருடம். அவர் பெயர் உன் வாயில் வந்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டு நின்றேன். அந்த இடத்திலேயே உன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். காரைநகரில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வானைப் பாதை மிதவையில் ஏற்றினாய். ஊர்காவற்றுறைக் கரைக்கு வாகனங்களைக் கொண்டுபோகிற அந்த மிதவையில் நம்முடைய வான்தான் நடுவில் நின்றது, முன்னுக்கு ஒரு உழவு இயந்திரம், பின்னுக்கு ஏழெட்டு மோட்டார் சைக்கிள். நீயும் மருமகளும் இறங்கிப்போய் கடலைப் படம் எடுத்துக்கொண்டு நின்றீர்கள். ஆரணி மேல்கட்டிலில் நித்திரை. நான் கீழே கதிரையில் இருந்தேன். உன்னுடைய சாமான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சார்ஜில் கிடந்தன. முதலில் எனக்கு வந்தது புகை இல்லை, மணம். அந்த மணத்தை நான் முப்பது வருடத்துக்கு மேலாக மறக்கவில்லை. எழும்பி, பிள்ளையின் தலைமாட்டில் இருந்த பலகையில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரிச் சுட்டது. பிறகுதான் துவாரத்துக்குள் இருந்து நூல் மாதிரிப் புகை வந்தது. நான்கு வயதுப் பிள்ளையை இந்த முழங்காலோடு எப்படி இறக்கினேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. இறங்கி எங்கே ஓடுவது? சுற்றிவரக் கடல். பாதையில் வேலை செய்கிறவர்தான் என்னைக் கண்டு, "அக்கா, பிள்ளையைக் கொண்டு முன்னுக்கு வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நீ ஓடிவந்து பற்றரி வயரை இழுத்துவிட்டாய், புகை நின்றது. பாதை கரையில் தட்ட முன்னரே நீ எல்லாரோடும் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றாய். என்னைப் பார்த்துச் சொன்னாய்: "சின்னச் சோட் சேர்க்கிற் ஒண்டு அம்மா. ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

ஒண்டும் நடக்கேல்லை. இந்த இரண்டு சொல்லைக் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. நடக்காததற்குக் காரணம் நீ இல்லை, ஈயத்தாள் இல்லை, உன் வித்தை இல்லை. ஒரு கிழவி அந்த மணத்தைத் தெரிந்தவளாகப் பக்கத்தில் இருந்ததுதான். நாளைக்கு நீங்கள் மன்னார், புத்தளம், காலி என்று ஆறு கிழமை, ஒன்றரை மாதப் பயணம் போகும்போது அந்தக் கிழவி கதிரையில் இருக்கமாட்டாள். நீ முன்னால் வாகனம் ஓட்டிக்கொண்டு இருப்பாய், பாட்டுப் போய்க்கொண்டிருக்கும், பிள்ளை பின்னால் நித்திரையாக இருக்கும். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, நீயே யோசித்துப் பார்.

என்மேலும் எனக்குக் கோபம்தான், அதையும் எழுதிவிடுகிறேன். அன்று பின்னேரம் உன் மனைவி குசினிக்குள் வந்து என் பக்கத்தில் நின்றாள். வெங்காயம் உரிக்கிற மாதிரி நின்றாள், உரிக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாமி, அந்த வயர் பயமில்லையோ? அவருக்கு வடிவாத் தெரியுமோ?" என்னிடம் உண்மையைக் கேட்டு வந்த பிள்ளை அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவனுக்குத் தெரியும் பிள்ளை, அவன் தகப்பன்ரை பிள்ளை" என்றேன். சொன்ன வாய் எனக்கே கசந்தது. பெண்ணாகப் பிறந்த ஒருத்தி பயந்து கேட்டதற்கு, வீட்டு ஆம்பிளையின் மரியாதையைக் காப்பாற்றுகிற மறுமொழியை நான் யோசிக்காமலே சொன்னேன். முப்பது வருடத்துக்கு முன் பழகிய பழக்கம், அதுவாக வாயில் வந்துவிட்டது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இன்று நீங்கள் போன பிறகு வானுக்குள் ஏறினேன். உன்மேல் எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை மிச்சம் இருந்தது. அவ்வளவு புகை கண்ட பிறகு, சிரித்துச் சமாளித்தாலும், உள்ளே ஒழுங்காகத் திருத்தியிருப்பாய் என்று நினைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னப் பலகைக் கதவைத் திறந்தேன். கருகிய வயர் இல்லை, அந்த இடத்தில் அதே நூல் வயர் புதிதாக ஓடுகிறது. பியூஸை இழுத்துப் பார்த்தேன். புதிய ஈயத்தாள். நீல நிறம், ஆரணி வெள்ளிக்கிழமை தின்ற சொக்கிளேற். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் மேல்கட்டிலைப் பார்த்தேன். முயல் விளக்கு அங்கேயே கொழுவியிருந்தது. அந்த நேரத்தில்தான் இதை எழுதுவது என்று முடிவெடுத்தேன். இனி நான் சொல்லப்போவதை உன் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் நான் யாருக்கும் சொல்லவில்லை.

உனக்கு அப்போது ஒன்பது மாதம். இந்தத் தீவை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சியில் ஒரு தென்னங்காணிக்குள் தென்னோலைக் கிடுகால் மேய்ந்த கொட்டிலில் இருந்தோம். யுத்தம், பொருளாதாரத் தடை. கறன்ற் இல்லை, மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும், சின்னப் பற்றரிகூட வரக்கூடாத சாமான். உன் அப்பா எங்கேயோ ஒரு பழைய லொறிப் பற்றரியைத் தேடிப் பிடித்து, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினில் பட்டி போட்டு ஒரு டைனமோவைச் சுழற்றி, அதில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவருவார். அந்தப் பற்றரியில் ரேடியோவும் ஒரு சின்ன பல்பும் வேலை செய்தன. அயலில் உள்ள சனம் எல்லாம் செய்தி கேட்க நம் கொட்டிலுக்குத்தான் வரும். நீ இருட்டினால் கத்துவாய். உனக்காக அந்தப் பல்பை நீ படுக்கிற சீலைத் தொட்டில், அந்த ஏணைக்கு மேலே, ஏணைக் கயிற்றோடு சேர்த்து வயரைச் சுற்றி, அவர் தொங்கவிட்டார். நீ பல்பைப் பார்த்துக்கொண்டு கிடப்பாய், கத்தமாட்டாய். ஒருநாள் பியூஸ் எரிந்தது. மாற்றிப் போட ஊரில் ஒரு பியூஸ் இல்லை. நான் அப்போது அங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. கடையில் கூட்டி எடுத்த குப்பைக்குள் கிடந்த சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தது நான்தான். உன் அப்பாவின் வித்தை என்று நீ சொல்கிறாயே, அந்த வித்தைக்குத் தாள் கொடுத்தவள் நான். அவர் சுற்றிப் போட்டார், பல்பு எரிந்தது, வந்திருந்த சனம் அவரைக் கெட்டிக்காரன் என்றது. எனக்கும் சந்தோஷம்.

ஒரு மாதம் எரிந்தது. பிறகு ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம், அவர் கிணற்றடியில் நின்றார், நான் வெளியே அடுப்பில் சோறு பார்த்துக்கொண்டு நின்றேன். கயிறு ஆடி ஆடி, உள்ளே வயரின் தோல் தேய்ந்து, இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முட்டிவிட்டன. நல்ல பியூஸ் என்றால் அந்த நொடியிலேயே எரிந்து எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கும். மடித்து மடித்துச் சுற்றிய ஈயத்தாள் நிறுத்தவில்லை. எனக்கு அந்த மணம் வந்தது. உள்ளே ஓடினேன். ஏணைக் கயிற்றைச் சுற்றியிருந்த வயர் முழுவதும் உருகி, சொட்டுச் சொட்டாக உன் ஏணைச் சீலையில் விழுந்துகொண்டிருந்தது. சீலை பிடித்துவிட்டது. நீ கத்தவில்லை, மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாய். நான் வலது கையால் வயரைப் பிடித்து இழுத்தேன். அது முழங்கை வரை கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இடது கையால் உன்னைத் தூக்கினேன். உன் அப்பா ஓடிவந்து பற்றரியைக் காலால் உதைத்து விழுத்தினார். கொட்டிலின் ஒரு பக்கம் எரிந்தது, அயலவர்கள் மண் போட்டு அணைத்தார்கள். உனக்கு ஒரு கீறலும் இல்லை. அடுத்த நாள் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்துகிற விளக்குத் தட்டுப்பட்டு விழுந்தது என்று சொன்னேன். உனக்கு விபரம் தெரிந்து என் கையில் இருக்கிற தழும்பைத் தடவிக் கேட்டபோது, கஞ்சி வடிக்கும்போது ஊற்றுப்பட்டது என்று சொன்னேன். கஞ்சி இல்லை மகன். உன் அப்பாவின் வயர்.

அவர் என்னிடம் பொய் சொல்லும்படி கேட்கவில்லை, அதையும் நீ தெரிந்துகொள். நானாகத்தான் சொன்னேன். கெட்டிக்காரன் என்று சனம் சொன்ன மனிதன், என் கைக்கு மருந்து கட்டும்போது, நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க முடியாமல் குந்தியிருந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதன்பிறகு அவர் சாகும்வரை பியூஸ் இல்லாமல் ஒரு வயரைத் தொட்டதில்லை. இனிப்பு வருகிற சின்னத் தகரப்பெட்டி ஒன்றில் விதம் விதமான பியூஸ்களைப் போட்டு, சட்டைப் பையில் கொண்டு திரிவார். நீ அதைக் கிலுக்கி விளையாடியிருக்கிறாய். அவர் அதை ஏன் கொண்டு திரிகிறார் என்று நீ கேட்டதில்லை, நாங்கள் சொன்னதுமில்லை. நாங்கள் சொன்னது மற்றக் கதையைத்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி ரேடியோ கேட்டது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, ஈயத்தாளில் பல்பு எரிந்தது என்று. கலியாண வீட்டிலும் சரி, ரொறன்ரோவில் உன் சித்தப்பா வீட்டில் கூடினாலும் சரி, தடைக் காலம் என்றால் எல்லாருக்கும் சிரிப்பும் பெருமையும்தான். எரிந்த கொட்டிலைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நானும் அங்கே இருந்து சிரித்திருக்கிறேன், நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.

நீ கனடாவுக்கு வெளிக்கிட்ட நாள் விடிய, பெட்டி நிறுக்கும்போது பாரம் கூடிவிட்டது. உன் அப்பா அந்தத் தகரப்பெட்டியை உன் உடுப்புகளுக்குள் வைத்திருந்தார். "அவனை ஒருக்காக் கூப்பிடும், நான் இதைப்பற்றி ஒரு விஷயம் சொல்லவேணும்" என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "போற பிள்ளைக்கு இப்ப இதுகளைச் சொல்லாதேங்கோ" என்று நான் அவர் வாயை அடைத்தேன். பெட்டியையும் வெளியே எடுத்தேன். அந்த இடத்தில் இன்னும் ஒரு பை மிளகாய்த்தூள் வைத்தேன். அவர் தகரப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். கனடாவில் மிளகாய்த்தூள் விற்கிறார்கள் என்று நீ பிறகு போனில் சொன்னாய். அதைக் கேட்டு உன் அப்பா சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இன்று நீ இந்த ஈயத்தாளோடு நிற்பதற்கு நானும் ஒரு காரணம். உண்மையைச் சொல்ல வந்த மனிதனை நான்தான் நிற்பாட்டினேன்.

ஆனால் இதைச் சொல்லி நான் உன்னை விட்டுவிடப்போவதில்லை. என்னுடைய பிழை என்னுடையது, உன்னுடையது உன்னுடையது. நாங்கள் ஈயத்தாள் சுற்றியது கெட்டிக்காரராக இருந்ததால் இல்லை, வேறு வழி இல்லாததால். உனக்கு வழி இருக்கிறது. வேலணைக்குப் போனால் கடையில் பியூஸ் கை நிறைய அள்ளலாம். தடித்த வயர் சுருள் சுருளாகக் கிடக்கிறது. வேலை தெரிந்தவர் கேற்றடிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் இருக்கிற இடத்தில் இல்லாதவர்கள் செய்ததைச் செய்து காட்டி, அதற்கு உன் அப்பாவின் பெயரையும் வைக்கிறாய். அது அவரை மதிப்பது இல்லை. அவர் தன் வாழ்க்கையில் ஆகக் கூடுதலாக வெட்கப்பட்ட ஒரு விஷயத்தை எடுத்து ஊர் உலகத்துக்குக் காட்டுகிறாய். உன் வீடியோவின் கீழே எத்தனை பேர் கைதட்டி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கும் காட்டினாய். அதில் எத்தனை பேர் தங்கள் வீட்டில், தங்கள் வாகனத்தில் ஈயத்தாளைச் சுற்றியிருப்பார்கள்? அவர்கள் வீட்டில் யார் மணம் பிடிக்கப் போகிறார்கள்? அந்த வீடியோவை இன்றைக்கே அங்கேயிருந்து அழி. அது இருந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடு, என் பெயர் வேண்டாம், என் கையின் படம் மட்டும் போதும்.

நான் இன்று செய்ததைச் சொல்கிறேன். உன் அப்பாவின் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து, அவர் கொட்டில் எரிந்த பிறகு எனக்குச் சொல்லித் தந்த மாதிரியே, முதலில் இரண்டு பற்றரியிலும் கறுப்பு வயரைக் கழற்றினேன், சிவப்பை வீணாகத் தொடவில்லை. பிள்ளையின் தலைமாட்டில் இருந்து முயல் விளக்கைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன். வேலணை வயரிங்காரருக்குப் போன் எடுத்தேன். நாளை காலை எட்டு மணிக்கு வருகிறார். பலகையைக் கழற்ற வேண்டுமென்றால் கழற்றுவார், நீ பக்கத்தில் நின்று பிடித்துக் கொடுப்பாய். பயணம் ஒரு நாள் பிந்தும். புத்தளம் எங்கேயும் ஓடிவிடாது. உன் வானில் ஒரு வேலை வெளியாள் செய்தார் என்பதை வீடியோவில் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால், உன் அம்மா செய்வித்தாள் என்று சொல்லு.

இந்த நட்டும் போல்ற்றும் ஒரு பெரிய விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். முன்வீட்டுப் பெடியனிடம் கேட்டால் இன்னொன்று தருவான், ஐந்து நிமிடத்தில் நீ வானை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போகலாம். நான் கேற்றுக்குக் குறுக்கே படுக்கப்போவதில்லை. உன்னைத் தடுக்க என்னிடம் இருப்பது இந்தக் கடிதம் மட்டும்தான். நாலு மணிப் படகு வந்துவிட்டது போல இருக்கிறது, தெருவில் ஓட்டோச் சத்தம் கேட்கிறது. நான் இதைப் பற்றரியில் கட்டிவிட்டு உள்ளே போகிறேன்.

நட்டும் போல்ற்றும் அப்பாவின் தகரப்பெட்டிக்குள், அவருடைய பியூஸ்களோடு கிடக்கின்றன. பெட்டி என் மடியில் இருக்கிறது. நான் குசினிக் கதிரையில் இருக்கிறேன், இன்று அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறேன். வந்து கேள், தருகிறேன். கேட்க முன்னம் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேரும் என் வலது கையைப் பாருங்கள்.

அம்மா